என் பேருக்கு எழுந்து நின்றவள்

எனக்குத் தங்கை மேல் பொறாமை. இதை ஒத்துக்கொள்ள ஐம்பத்திரண்டு வயது வரை ஆனது என் அசட்டுத்தனம். அவள் பெங்களூரில் இருக்கிறாள், நல்ல வேலை, நல்ல வீடு, பால்கனியில் ரோஜா வளர்க்கிறாள். அதெல்லாம் நன்றாக இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு துளி எரிச்சலும் கிடையாது. அவள் அம்மாவின் காலைத் தொடலாம், நான் தொடக் கூடாது. என் வயிற்றெரிச்சல் எல்லாம் இந்த ஒன்றில்தான்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பேரை வைப்பது வழக்கம். மருமகளாக வந்தவள் மாமியார் பேரை வாயால் சொல்வதில்லை என்பதும் வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே தொட்டிலில் சந்தித்தால் என்ன ஆகும்? பெற்ற பெண்ணின் பேரை அம்மாவால் கூப்பிட முடியாது. பல வீடுகளில் ‘ராணி’ என்றோ ‘பாப்பா’ என்றோ ஒரு செல்லப் பேரை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். என் அம்மாவும் என்னை ‘அம்மாடி’ என்று கூப்பிட்டுச் சமாளித்தாள். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் போய்ச் சேர்ந்த தன் மாமியாரே திரும்பி வந்து தொட்டிலில் கிடப்பதாக முடிவு கட்டிவிட்டாள்.

அதனால் என்னை அவள் அடித்ததே இல்லை. தங்கைக்கு விளக்குமாற்றுக் கட்டையால் விழும், கரண்டிக் காம்பால் விழும், ‘மூதேவி’, ‘கழுத’ என்று வசவு விழும். இரண்டு பேரும் சேர்ந்து ஊறுகாய்ச் சாடியை உடைத்த அன்று, அவள் முதுகில் இரண்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பாத்துப் போம்மா, கால்ல குத்திரும்” என்றாள். அடி வாங்கியவள் அழுதுகொண்டே அம்மா மடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அடி வாங்காத நான் கூடத்து மூலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்குக்கூட ஏங்குகிற பிள்ளை உண்டா என்று கேட்டால், உண்டு, நான்தான்.

கால் விஷயம் அதைவிட மோசம். பொங்கல் தீபாவளிக்குத் தங்கை அம்மா காலில் விழுவாள். அம்மா குனிந்து நெற்றியில் திருநீறு பூசி, “நல்லா இரு தாயி” என்பாள். நான் குனியத் தொடங்கும்போதே விலகிவிடுவாள். மாமியார் பேரைச் சுமக்கிறவள் மருமகள் காலைத் தொட்டால் மருமகளுக்குப் பாவம் என்பது அவள் கணக்கு. என் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக நான் விழப்போனபோது, அப்பாவின் கால் கிடைத்தது. அம்மா என் தோள் இரண்டையும் பிடித்து, “போதும், போதும்” என்று நிமிர்த்திவிட்டாள். கல்யாண வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்பா காலமான பிறகு, இந்த எட்டு வருடமாக அம்மா என்னோடுதான் இருக்கிறாள், பாளையங்கோட்டைப் பெருமாள்புரத்தில். என் வீட்டுக்காரருக்குக் கங்கைகொண்டானில் ஷிஃப்ட் வேலை, பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். எனக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. அங்கே எனக்குக் கீழே பதினோரு பேர், என் பேரைச் சொன்னால் ஃபைல் நகரும். வீட்டில் அம்மாவுக்குச் சோறு, சர்க்கரை மாத்திரை, கண் டாக்டர், பல் டாக்டர் எல்லாம் நான். கால் எரிகிறது என்றால் மட்டும் அவளே கட்டிலில் உட்கார்ந்து முழங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொள்வாள். பாதத்துக்குக் கை எட்டாது. “குடுங்கம்மா, நான் தேய்ச்சி விடுதேன்” என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

“வேண்டாம்மாடி. சின்னவ வரட்டும்.”

சின்னவள் வருடத்துக்கு ஒரு தரம், மே மாதம் வருவாள். அதுவரை அந்தப் பாதம் காத்துக்கொண்டிருக்கும்.

இந்த வருடமும் வந்தாள். வந்த இரண்டாம் நாள் காலை இட்லி சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, பைபாஸ்ல புதுசா ஒரு ஸ்பா வந்திருக்காம்லா. மூணு பேருக்கும் புக் பண்ணிட்டேன். கால் பாதத்துல ஒவ்வொரு எடமா அமுக்குவாங்களாம். கண்ணு, கிட்னி, தூக்கம் எல்லாத்துக்கும் நல்லதாம்.”

“காலுக்குள்ள கிட்னி எங்கனளா இருக்கு?” என்றாள் அம்மா.

“வந்து பாரு, தெரியும்.”

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். சர்க்கரைக்குக் கண்ணுக்குள் ரத்தக் குழாய் பார்க்க வேண்டும், வாங்க என்று இரண்டு மாதமாக நான் கெஞ்சுகிறேன், இன்றைக்குப் பிரதோஷம், நாளைக்குக் கிருத்திகை என்று தட்டிக்கழிக்கிறவள், முன்பின் தெரியாதவர்கள் காலை அமுக்குகிற இடத்துக்கா வரப்போகிறாள் என்று. பத்து நிமிடத்தில் அம்மா மாம்பழக் கலர் பட்டுக்கரைச் சேலையில் வந்து நின்றாள். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலில் குனிந்துகொண்டேன். என் முகத்தை யாரும் அப்போது பார்த்திருக்கக் கூடாது.

அந்த ஸ்பா வண்ணாரப்பேட்டை தாண்டி ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏசியும் எலுமிச்சைப்புல் வாசமும் முகத்தில் அடித்தன. சுவரில் இரண்டு பாதங்களின் பெரிய படம். விரலில் மூளை, பக்கவாட்டில் முதுகெலும்பு, நடுவில் வயிறு என்று கலர் கலராகப் போட்டிருந்தார்கள். வயிற்றெரிச்சலுக்கு எங்கே அமுக்க வேண்டும் என்று நான் நிஜமாகவே தேடினேன்.

வாசலில் இருந்த மேஜையில் தங்கை மூன்று பேருக்கும் அட்டை எழுதிக் கொடுத்தாள். பேர், சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, அவ்வளவுதான். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று ஒழுங்காக டிக் அடித்தாள், அதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று போட்டாள். பிறகு மூவரும் சோபாவில் உட்கார்ந்தோம். அம்மா முன்னால் கிடந்த குட்டை ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, தங்கையின் போனில் பேத்தியின் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து முப்பது முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி வந்தாள். கறுப்புச் சட்டை, கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் அந்த மூன்று அட்டைகள். முதல் அட்டையைப் பார்த்து என் பேரை உரக்கக் கூப்பிட்டாள்.

அம்மா சடக்கென்று ஸ்டூலிலிருந்து காலை இறக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

எனக்கு இது புதிதில்லை. தெருவில் யாராவது என் பேரைச் சொல்லிக் கத்தினாலும் அம்மா உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடுவாள். மாமியார் பேர் காதில் விழும்போது காலை நீட்டிக்கொண்டு இருக்கலாமா? அவள் எழுந்ததும் அந்தப் பெண், “வாங்க மேடம்” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். நானும் பாதி எழுந்தவள், வயதானவர்களை முதலில் கூப்பிடுகிறார்கள் போல என்று உட்கார்ந்துவிட்டேன். அடுத்து தங்கையின் பேர். மிச்சமிருந்தது நான் ஒருத்தி, என்னை இன்னொருத்தி வந்து, “வாங்க” என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனாள்.

உள்ளே மங்கலான வெளிச்சம். சாய்வு நாற்காலிகள் மூன்று வரிசையாக இருந்தன. அம்மாவுக்கு முதல் நாற்காலி, தங்கைக்கு நடுவில், எனக்குக் கடைசியில். வெந்நீரில் உப்பும் ரோஜா இதழும் போட்டு எல்லோர் காலையும் கழுவித் துண்டால் ஒற்றினார்கள். அம்மாவின் காலைக் கழுவிய பெண் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, வேலை தொடங்குவதற்கு முன்னால் இரண்டு கையையும் அம்மாவின் பாதத்தில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோர் காலுக்கும் அப்படித்தான் செய்தார்கள், அது அவர்கள் தொழில் வழக்கம். அம்மாவுக்கு அது தெரியுமா?

“நல்லா இரு தாயி” என்றாள் அம்மா. “புள்ள குட்டியோட நல்லா இரு.”

அதோடு விட்டாளா? மடியிலிருந்த பர்ஸைத் திறந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். நாற்காலியில் சாய்ந்தபடி எட்ட முடியாமல் எம்பி எம்பி, அந்தப் பெண்ணின் நெற்றியில் மூன்று விரலால் பூசினாள். அவளும் சிரித்துக்கொண்டு தலையைக் கொடுத்தாள்.

“எந்த ஊரும்மா?”

“பாபநாசம் பக்கம் ஆச்சி.”

அதுவரை ‘மேடம்’ ஆக இருந்தவள் ‘ஆச்சி’ ஆகிவிட்டாள். ஐம்பத்திரண்டு வருடமாக நான் கேட்டது இது ஒன்றுதான். அந்தக் காலடியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, அந்த விரல்களால் திருநீறு வாங்குவது. யாரோ ஒருத்தி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டாள். தங்கை மேல் இருந்த பொறாமைக்காவது ரத்த சம்பந்தம் இருந்தது. இவள் யார்?

நடு நாற்காலியில் தங்கை நெளிந்துகொண்டிருந்தாள். கட்டைவிரலால் அவள் உள்ளங்காலைக் குத்திக் குத்தி அமுக்கினார்கள். “வலிக்கு, வலிக்கு, பைய” என்று அவள் சிரிக்கவும் அழவுமாக இருந்தாள். என் காலைப் பிடித்தவளோ முதலில் போன் வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தூசி தட்டுவது மாதிரி மேலோட்டமாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் அழுத்தலாமே” என்றேன்.

“உங்களுக்கு இவ்வளவுதான் மேடம். அட்டையில இருக்கறதப் பாத்தா அழுத்தக் கூடாது.”

பார்த்தீர்களா, அங்கேயும் எனக்கு இவ்வளவுதான். நான் கூரையைப் பார்த்தேன்.

அம்மாவின் காலில்தான் சரியான வேலை நடந்தது. அந்தப் பாபநாசத்துக்காரி விரலை மடக்கி மூட்டால் பாதத்தை உழுதாள். தங்கையின் காலில் விழுந்ததைவிட அழுத்தம் அதிகம். அப்படியும் அம்மா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“வலிக்கா ஆச்சி?”

“வலியா? பூ மாதிரி இருக்கும்மா ஒன் கை.”

“இந்த எடத்துல எல்லாரும் கத்துவாங்க. நீங்க நல்லாத் தாங்குதீங்க.”

“எங்க சின்னவதான் கூட்டிட்டு வந்தா” என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். “எனக்கு ஒண்ணுன்னா அவதான் எல்லாம் பாப்பா.”

அந்த வார்த்தை என் காதில் விழுந்தபோது எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். காலையில் அவள் போட்ட மாத்திரையை எடுத்துக் கொடுத்தது யார்? நேற்று ராகிக் கஞ்சி காய்ச்சியது யார்? கேட்டிருந்தால் அம்மா, “நீ பெரியவ, ஒன்னச் சொல்லணுமா” என்றிருப்பாள். பெரியவளாம். எனக்கு யார் கேட்டது அந்தப் பெரிய இடத்தை?

அரை மணி நேரத்தில் இடது கால் முடிந்தது. வலது காலுக்குப் போனவள் நாலைந்து தடவை அமுக்கிவிட்டு நிறுத்தினாள். விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்து டார்ச்சைப் போட்டு அம்மாவின் பாதத்துக்குக் கீழே பிடித்தாள். துண்டில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை இருந்தது.

“ஆச்சி, இங்கன புண்ணு இருக்கே. ஒங்களுக்குத் தெரியலியா?”

“புண்ணா? எனக்கென்ன புண்ணு?”

நானும் தங்கையும் எழுந்து ஓடினோம். கட்டைவிரலுக்குக் கீழே தடித்த தோல், அதற்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து, நடுவில் சீழ் வைத்திருந்தது. அமுக்கியதில் வாய் திறந்துவிட்டது. அந்தப் பெண் நாற்காலிக் கையில் சொருகியிருந்த அட்டையை உருவிப் பார்த்தாள்.

“சுகர் இல்லன்னுதானே போட்டிருக்கு. சுகர் இருந்தா நாங்க முதல்ல பாதத்த வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் தொடுவோம். அழுத்தவும் மாட்டோம்” என்றவள், அட்டையிலிருந்த என் பேரைச் சொல்லி, “நீங்கதானே ஆச்சி அது?” என்று கேட்டாள்.

“ஐயோ, நான் இல்லம்மா” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அது எங்க அத்தை பேரு.”

“அப்ப எதுக்கு எந்திச்சீங்க?”

செத்துப்போன மாமியாருக்காக எழுந்தாள் என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரியுமா? என் அட்டையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அம்மாவின் அட்டையில் நான் உட்கார்ந்து அரைமணி நேரமாகக் காலில் தூசி தட்ட விட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள்தான் புண்ணைக் கண்டுபிடித்தாள், அவள்தான் பஞ்சை வைத்துக் கட்டிவிட்டாள்.

படியிறங்கும்போது தங்கை அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“கூடவேதான இருக்க. இதக்கூட பாக்கலியாக்கா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அம்மா என்னைக் காலைப் பார்க்க விட்டால்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா நொண்டக்கூடச் செய்யாமல் சாதாரணமாக இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகப் பாளையங்கோட்டையில் அம்மாவுக்குப் பார்க்கிற சர்க்கரை டாக்டரிடம் போனோம். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, சமீபத்தில் வெறுங்காலோடு எங்கேயாவது வெயிலில் நடந்தார்களா என்று கேட்டார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சித்திரையில் நான்தான் அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனேன். உச்சிப் பொழுதில் கல் பொரிந்தது. நான் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினேன், அம்மா கடலைப் பார்த்தபடி நிதானமாக நடந்து வந்தாள். அன்றைக்கு அவளுடைய பக்தியை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“கல்லு சுடவே இல்லியே டாக்டர்” என்றாள் அம்மா.

டாக்டர் ஒரு பிடியில் மாட்டிய மெல்லிய நைலான் நூலை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தில் தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லுங்கள் என்றார். பத்து இடத்தில் தொட்டார். அம்மா எட்டு ‘ம்’ சொன்னாள். அதில் ஆறு, அவர் தொடாதபோது சொன்னது. பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளை மாதிரி மூடிய இமைக்குக் கீழே எங்களைப் பார்க்க முயன்றாள்.

பாதத்தில் உணர்ச்சி போய் ரொம்ப நாளாகியிருக்கும் என்றார் டாக்டர். மேலே எரிகிற மாதிரி இருக்குமாம், உள்ளே குத்தினாலும் தெரியாதாம். தினமும் ஒருத்தர் காலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், கழுவி மருந்து போட்டுக் கட்ட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் விரலை எடுக்கிற நிலைமைக்குப் போகலாம் என்றார். “யாரு பாத்துப்பீங்க?” என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “சின்னவ பாப்பா” என்றாள்.

பூ மாதிரி இருக்கும்மா ஒன் கை என்று அம்மா சொன்னதை ஆட்டோவில் வரும்போது நினைத்துக்கொண்டேன். அந்தக் கை அழுத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. சின்னவள் கூட்டிப்போன இடம், நன்றாக இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பாபநாசத்துக்காரி மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே வடிந்துவிட்டது. தங்கை மேல் இருந்தது வடியவில்லை.

ஆறு நாள் தங்கைதான் மருந்து போட்டாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், தட்டில் பஞ்சும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு வருவேன், வாங்கிக்கொண்டு அவள் உட்கார்ந்துவிடுவாள். அம்மாவின் கால் அவள் மடியில் இருக்கும். “ஏளா, ஒன் கை ஏன் இப்படிக் கடுக்காய் மாதிரி இருக்கு, வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆள் இல்லியா” என்று அம்மா அவளை வம்புக்கு இழுப்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று, பிளாஸ்திரி எத்தனை அங்குலம் வெட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆபீசில் ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்தால் நான் மெமோ கொடுக்கிறவள்.

ஏழாம் நாள் தங்கைக்கு ரயில். கிளம்பும் முன்னால் அம்மாவிடம், “இனி அக்காதான் போடணும், பாத்துக்கிடு” என்றாள்.

“நான் ஆட்டோ வச்சி ஆஸ்பத்திரிக்குப் போயி கட்டிட்டு வந்துக்கிடுதேன்.”

“அப்பாவோட அம்மா செத்து அம்பத்திமூணு வருசமாச்சும்மா.”

அம்மா சேலை முந்தானையில் இல்லாத கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்து கட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கட்டுப் போடுகிற இடம் பூட்டியிருக்கும். அன்று காலையில் நான் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா பின்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் ஷேவிங் பண்ணுகிற கண்ணாடியைத் தரையில் மல்லாத்தி வைத்து, அதற்கு மேலே பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய கட்டை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயதில் அவளால் வளைய முடியவில்லை. கை வழுக்கி வழுக்கிக் கண்ணாடி மேல் விழுந்தது. பக்கத்தில் மருந்து ட்யூப் மூடியில்லாமல் கிடந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காய்ப் பையைக் கீழே போட்டேன், தக்காளி உருண்டு ஓடியது.

“என்ன பண்ணுதீங்க?”

“ஒண்ணுமில்லம்மாடி. நீ போயி வேலையப் பாரு.”

“நான் ஒங்க மாமியா இல்ல. நான் அவுகளப் பாத்ததுகூட இல்ல. ஒங்க வயித்துல பொறந்தவ நான். அவ தொடலாம், யாரோ ஒருத்தி தொடலாம், நான் தொடக் கூடாதா? நான் என்ன பாவம் பண்ணினேன்?”

சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். சிறு வயதிலிருந்து அம்மாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

“நீ என்ன பாவம் பண்ணின” என்றாள் மெதுவாக. “பாவம் எனக்குலா. இந்தக் குடும்பத்துக்குள்ள அவுக கால்ல விழுந்துதான் வந்தேன். மூணு வருசம் அவுக முன்னால ஒக்காந்ததுகூட இல்ல. அந்தப் பேர வச்சிக்கிட்டு நீ கீழ ஒக்காந்து என் காலப் பிடிச்சா, அவுகளப் பிடிக்க வச்ச மாதிரி எனக்குக் கூசுதும்மா.”

“அப்ப டாக்டர் விரல எடுக்கட்டுமா?”

வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அம்மா தன் காலைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

“அத்தை, கோவிச்சிக்கிடாதீங்க. வேற வழியில்ல.”

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அது எனக்கில்லை. அந்த நிமிடத்தில் நான் அங்கே இல்லவே இல்லை. என் முகத்துக்குள் வேறு யாரோ உட்கார்ந்து அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார்கள். தங்கை மேல் வராத அளவு பொறாமை, ஒரு போட்டோவில்கூடப் பார்த்திராத அந்தக் கிழவி மேல் எனக்கு வந்தது. என் பேரை எடுத்துக்கொண்டாள், என் அடியை எடுத்துக்கொண்டாள், கடைசியில் இதையும் எடுத்துக்கொண்டாள்.

அம்மா முகத்தைத் தென்னை மரம் பக்கமாகத் திருப்பிக்கொண்டு வலது காலை நீட்டினாள். வெட்கமா பயமா தெரியவில்லை, திரும்பிப் பார்ப்பதாக இல்லை. நான் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நினைத்ததைவிடச் சின்னதாகவும் இருந்தது. இரண்டாவது விரலில் மெட்டி கிடந்த இடம் இன்னும் வெளுத்து, பள்ளமாக இருந்தது. சுண்டுவிரல் நகம் எனக்கு இருப்பது மாதிரியே கோணலாக, பாதியில் இரண்டாகப் பிளந்து இருந்தது. அது அம்மாவிடமிருந்து வந்தது என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

கட்டை அவிழ்த்தேன். உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் ஒற்றினேன். புண் கொஞ்சம் ஆறியிருந்தது, ஓரத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. மருந்தைப் பஞ்சில் எடுத்துத் தடவினேன். துணியை வைத்துச் சுற்றினேன், பிளாஸ்திரியை வெட்டி ஒட்டினேன். தங்கை போட்ட கட்டைவிட இறுக்கமில்லாமல் நன்றாகவே வந்திருந்தது. எல்லாம் முடிந்து, குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மா திரும்பாமலே கேட்டாள்.

“அம்மாடி, ஆரம்பிச்சிட்டியா?”

“இன்னும் இல்லம்மா” என்றேன். “செத்த இருங்க.”